எறும்பு மொய்க்காத மண்புழு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் வாலாட்டிக்குருவி வந்துவிட்டது. வேப்பங்குச்சியை வாயில் அதக்கியபடி பின்தோட்டத்தில் குந்தியிருந்த ஜானகிராமன், துவைக்கிற கல்லின் மேல் அது வாலை ஆட்டி ஆட்டி நடப்பதைப் பார்த்ததும் மெல்வதை நிறுத்தினார். எங்கிருந்து வருகிறது, யார் வழி சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. புரட்டாசி முடிவதற்குள் வந்துவிடும், பங்குனி வெயில் ஏறினால் போய்விடும், அவ்வளவுதான். எழுந்துபோய்க் குசினிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் முதுகில் 'வாலாட்டி, ஒன்று' என்று எழுதி ஆணியில் குத்தினார். முதல் ஈசல், முதல் வேப்பம்பூ, செம்போத்து குஞ்சு பொரித்த நாள் எல்லாம் அந்த ஆணியில்தான் இருந்தன. "பெத்த பொண்ணுக்கு ஜாதகம் எழுதல, குருவிக்கு எழுதுறாரு" என்று மனைவி செல்வாம்பாள் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலேயே சொன்னாள்.

மில் மூடுகிறவரைக்கும் அவருக்கும் அந்தத் தோட்டத்துக்கும் பெரிய பழக்கம் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் தறி ஓட்டியவர். ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. மில் கதவைச் சாத்திவிட, வீட்டில் உட்கார்ந்தபோதுதான், ஐந்து சென்ட் இடத்தில் இத்தனை பேர் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார்கள் என்பதே கண்ணில் பட்டது. முருங்கையில் அணில், கிணற்றுச் சந்தில் தேரை, வாழைக்குத்துக்குள் செம்போத்து, காலையில் ஏழு பேராக வந்து சருகைக் கிளறி ஓயாமல் சண்டை போடுகிற தவிட்டுக்குருவிகள். பார்க்கப் பார்க்க மனசு ஆறியது. ஆறு மாதம் கழித்துத் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியில் பாதிச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. டிரம்மில் வரும் கெட்டி மருந்தைக் கலக்கிச் சின்னச் சின்ன டின்களில் அடைக்கிற கம்பெனி. ஜானகிராமனுக்கு மூடி போடுகிற வேலை. முதல் வாரம் அந்த நெடியில் தலை கிறுகிறுத்தது. இரண்டாவது மாதம் நெடியே தெரியவில்லை. மூக்கு செத்துப்போச்சு என்றால் வேலை பழகிப்போச்சு என்று அர்த்தம், என்பார் மேஸ்திரி. எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் பூஜைக்குப் பொரி சுண்டலோடு முதலாளி இரண்டு பேருக்குக் காலி டிரம் கொடுத்தார். ஒன்று ஜானகிராமனுக்கு, இன்னொன்று கூட வேலை செய்யும் மண்ணாங்கட்டிக்கு. கம்பெனியில் மற்றவர்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். இருநூறு லிட்டர் பிடிக்கிற நல்ல கெட்டித் தகரம், கடையில் தேடினாலும் கிடைக்காது. இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் கட்டி, ஏறி மிதிக்க முடியாமல் ஊசுட்டேரி ரோட்டில் தள்ளிக்கொண்டே வந்தார்கள். கழுவியதில் ஜானகிராமன் ஒரு குறையும் வைக்கவில்லை. சாம்பல், புளி, சீயக்காய், கடைசியாக வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். மண்டையோட்டுப் படத்தைத் தேங்காய் நாரால் தேய்த்தே எடுத்தார். மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தார். பிறகு ஓட்டு இறவாணத்தின் கீழே தகரத் தூம்பு வைத்து, அதன் வாயில் டிரம்மை நிறுத்தினார். செல்வாம்பாள் மூன்று கோடு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

எல்லாம் மகளுக்காகத்தான். வில்லியனூரில் கட்டிக்கொடுத்திருந்த கமலவேணிக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு ஐப்பசி பிறந்ததும் அழைத்துவர வேண்டும். வீட்டுக் கிணறு உப்பு, பருப்பு வேகாது. நல்ல தண்ணீருக்குத் தெருக்கோடி பைப்புக்குப் போக வேண்டும். இரண்டு பிள்ளை பிறந்து தங்காமல் மூன்றாவதாக நின்றவள் கமலவேணி. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்று அவர் முன்பே முடிவு கட்டியிருந்தார்.

வந்த அன்றைக்கே அவள் பின்வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நைனா, இந்தத் தண்ணி இன்னாமோ நாத்தம் அடிக்குது."

ஜானகிராமன் குனிந்து டிரம்முக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. செல்வாம்பாளும் மோந்து பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. தினமும் அவர் சட்டையைத் துவைப்பவள் அவள்தானே.

"மாசமா இருக்கறவளுக்குச் சோத்துப் பானையே நாறும். நான் உன்னைச் சொமந்தப்ப உங்க நைனாவே எனக்கு நாறுனாரு" என்றாள் செல்வாம்பாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அன்று மழைத்தண்ணீரில் வெந்த துவரம்பருப்பு பூப்போல மசிந்திருந்தது. கமலவேணி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பெற்றவர்களுக்கு அதைப் பார்த்தே வயிறு நிறைந்தது.

ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. டிரம் நிரம்பி வழிந்து, வழிந்த தண்ணீர் வாழைக்குத்துப் பக்கமாக ஓடியது. ஒருநாள் காலை வாழையடியில் மண்புழுக்கள் வெளியே வந்து கிடப்பதைப் பார்த்தார் ஜானகிராமன். அடைமழைக்கு மண்புழு மேலே வருவது புதிதல்ல. ஆனால் வெயில் வந்து நேரமாகியும் ஒரு எறும்புகூட மொய்க்கவில்லை. வெல்லத் துணுக்கு விழுந்தால் வீட்டையே தூக்கிப்போகிற எறும்புகள் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போயின. ஆச்சரியமாக இருந்தது. 'மண்புழு செத்து, இருபதுக்கு மேல். எறும்பு மொய்க்கவில்லை' என்று எழுதிக் குத்தினார். அடுத்த வாரம் தேரை மூன்று மல்லாந்து கிடந்தன. மழைக்குக் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கும் தவளைச் சத்தம் அந்த வருஷம் வீட்டுப் பக்கம் கேட்கவே இல்லை. ஏரிப்பக்கம் மட்டும் கேட்டது. தவிட்டுக்குருவி ஆறானது, பிறகு நாலானது. பூனை வேலை என்று நினைத்துக்கொண்டு பூனையைக் கல்லால் அடித்தார். வாலாட்டியைக் காணோம். அதையும் எழுதினார். ஒரு குறையும் இல்லாமல் எழுதினார்.

கமலவேணிக்குத் தலைசுற்றல், குமட்டல், கை நடுக்கம். செல்வாம்பாளுக்கும் இரண்டு முறை வயிற்றால் போயிற்று. மழைக்காலத்தில் யாருக்குத்தான் வயிறு சரியாக இருக்கிறது? ஓமத் தண்ணீர் வைத்துக் குடித்தார்கள். அதையும் டிரம் தண்ணீரில்தான் வைத்தார்கள்.

"கெணத்துத் தண்ணியில ஒருநாள் வெச்சா கொசுப்புழு நெளியும். இதுல பாருங்க, மாசக்கணக்கா நிக்குது, ஒரு புழு பூச்சி உண்டா? அவ்ளோ சுத்தம்" என்று செல்வாம்பாள் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் காட்டினாள். ஜானகிராமனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கார்த்திகை தீபம் முடிந்து நாலாவது நாள், எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. அழவில்லை. தலை நிறைய முடி இருந்தது. வயிற்றுக்குள்ளேயே இறந்து ஒரு நாளாவது ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னாள். சில சமயம் இன்ன காரணம் என்று சொல்ல முடியாது என்று மெதுவாகத்தான் சொன்னாள். பேரனோ பேத்தியோ, மேரிக்கு, அந்த முனிசிபல் ஆபீசுக்கு, போய்ப் பிறப்பு எழுதுகிற அன்றைக்குப் போட்டுக்கொள்ள ஜானகிராமன் ஒரு வெள்ளைச் சட்டையை நீலம் போட்டு மடித்து வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் இடுகாட்டுக்குப் போனார். துணியில் சுற்றிக் கையில் வாங்கியபோது ஒரு படி அரிசி கனம்கூட இல்லை. அவர் வாழ்க்கையில் அவ்வளவு பாரமான எதையும் தூக்கியதில்லை.

மருமகன் இராமதாஸ் ஒருமுறை வந்து தின்பண்டப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனான். அவன் அம்மா வரவில்லை. "தாய் வூட்டுல வெச்சி நல்லாத்தான் பாத்துக்கினாங்க" என்று அவள் யாரிடமோ சொன்னது மட்டும் வந்து சேர்ந்தது. செல்வாம்பாள் கண்ணேறு என்றாள். பிறகு முருங்கையில் ஒரு ராத்திரி கூகை கத்தியது என்றாள்.

மார்கழி பிறந்து மழை விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெகுநாளாக எதுவும் எழுதவில்லையே என்று ஜானகிராமன் ஆணியிலிருந்து தாள்களைக் கழற்றினார். சும்மா ஒன்றொன்றாகப் புரட்டினார். பூஜைக்கு மறுநாளிலிருந்து வரிசையாக வந்தது. மண்புழு, தேரை, குருவி ஏழு, ஆறு, நாலு. தாள்களோடு எழுந்து தோட்டத்துக்குப் போனார். முருங்கையடியில் மண்ணைக் கிளறினார், மண்புழு இருந்தது. கிணற்றுக்கு அந்தண்டை எறும்புப் புற்று இருந்தது. வாழையடியில், டிரம் வழிந்த தண்ணீர் ஓடிய இடத்தில், ஒரு முழ ஆழம் வெட்டியும் உயிருள்ளது ஒன்றும் இல்லை. டிரம்மை எட்டிப் பார்த்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கொசுப்புழுகூட வாழாத தண்ணீர். தினமும் புழு பூச்சியைக் கொல்கிற மருந்துக்கு மூடி போடுகிற மனுஷன், இரண்டு மாதம் அதைச் சுத்தம் என்று நினைத்திருக்கிறான். தலையை உள்ளே விட்டு மறுபடியும் மோந்தார். அப்போதும் அவருக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. 

கொஞ்ச நேரம் கழித்து டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரை ஊற்றி, கடப்பாரையால் அடியில் ஓட்டை போட்டார். துருப்பிடித்துவிட்டது என்று செல்வாம்பாளிடம் சொன்னார்.

சத்தம் கேட்டுக் கமலவேணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா உள்ளே போகிறவரைக்கும் நின்றாள்.

"நைனா, ஒன்னு சொல்றேன், அம்மாகிட்ட சொல்லாத. ஐப்பசில ஒருநாளு நம்ம மரத்துல பப்பாளி பழுத்திருந்திச்சே, வாய் கேக்காம ஒரு கீத்து தின்னுட்டேன். அதான் நைனா. நாந்தான் என் கொழந்தய கொன்னுட்டேன்."

"பப்பாளியால இல்லம்மா."

"பின்ன எதனால?"

ஜானகிராமன் வாயைத் திறந்தார். அவள் முகத்தில் கண் மட்டும்தான் இருந்தது. சொன்னால், குழந்தையைக் கொன்றது அவள் இல்லை என்று ஆகும். அப்பன் என்று ஆகும். "எதனாலயும் இல்ல. நீ போய்ப் படு" என்றார். அவள் நம்பவில்லை என்பது அவள் திரும்பி நடந்ததிலேயே தெரிந்தது. தன்மேல் அவருக்கு அப்போது வந்த அருவருப்பு மாதிரி வேறு யார் மேலும் வந்ததில்லை.

அப்போதுதான் இன்னொரு டிரம் ஞாபகத்துக்கு வந்தது. சட்டையைக்கூட மாட்டாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மண்ணாங்கட்டியின் வீடு நாலு தெரு தள்ளி. அவன் அம்மாவுக்கு வரிசையாக மூன்று பிள்ளை செத்து, இதாவது எமன் கண்ணுக்குப் படாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயர் அவனுடையது. அவன் மனைவி சுலோசனாதான் தினமும் சாயங்காலம் வந்து கமலவேணிக்குத் தலை வாரிவிடுகிறவள். இவர்களிடம் சொல்வது, பொழுது சாய்வதற்குள் கமலவேணி காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தெரு மூலையில் ஒருமுறை நின்றார். திரும்பிவிடலாமா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே வேகமாக நடந்தார்.

"வாண்ணே, கமலா எப்படி இருக்குது?" மண்ணாங்கட்டி வாசலில் கைக்குழந்தையைத் தோளில் சாத்தித் தட்டிக்கொண்டிருந்தான். ஒன்றரை வயசுப் பெண், கண் உள்ளே போயிருந்தது. "இவளுக்கு ஒரு வாரமா பேதி நிக்க மாட்டேங்குது. கஞ்சித்தண்ணியா குடுத்துக்கினே இருக்கோம்."

அவன் குழந்தையை இறக்கி வாசலில் உட்காரவைத்தான்.  வீட்டுப் பக்கவாட்டில் இறவாணத்தின் கீழே டிரம் நின்றது. அதன் இடுப்பில் மஞ்சள் குங்குமம். சுலோசனா அதில் ஒரு செம்பு மொண்டு, செம்பின் அடியைப் புடவையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க மாமா. மழைத்தண்ணி, தித்திப்பா இருக்கும்."

ஜானகிராமன் வாங்கிக்கொண்டார். செம்பு குளிர்ச்சியாக இருந்தது. இருவரும் அவர் குடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். அவர் கையை நீட்டி, செம்பை மெதுவாகச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் அவர்கள் வாசலிலேயே ஊற்றினார்.

சுலோசனாவின் முகம் சுருங்கியது. வீடு தேடி வந்தவன் கொடுத்த தண்ணீரைக் கீழே ஊற்றுவதை அவள் பார்த்ததே இல்லை.

"ஏண்ணே?" என்றான் மண்ணாங்கட்டி.

"கொழந்தய அந்தாண்ட தூக்கு மொதல்ல."

மண் தண்ணீரை உடனே குடிக்கவில்லை. சாணம் தெளித்த வாசலில் அது சின்னக் குட்டையாக நின்றது. வேலிக்கு அந்தப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒன்று குஞ்சுகளோடு ஓடிவந்து அதில் மூக்கை வைத்தது. ஜானகிராமன் செம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து விரட்டினார். அது கொக்கரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, குஞ்சுகளைக் கூப்பிட்டபடி மறுபடியும் தண்ணீருக்கே வந்தது.