ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் பழுதான கதை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் கெட்டிக்காரத்தனமாகக் கேட்கக்கூடும். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. 1981-ல் ஒரு புதன்கிழமை, பகல் ஒன்றேகால் மணிக்கு, டெல்லி லோதி ரோட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸின் டெலிபோன் அறையில் நின்றுகொண்டு, ஜம்பு என்கிற ஜம்புநாதன், அப்பர் டிவிஷன் கிளார்க், வயது நாற்பத்தொன்று, வாய் கூசாமல் சொன்ன நிஜமான பொய் அது.

ஜம்பு வேறு யாருமில்லை, நான்தான். முதலில் 'நான்' என்றே எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே நல்லவனாகிவிட்டேன். நாலாவது வரியில் எனக்கே கண் கலங்கியது. தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, 'ஜம்பு' என்று ஆரம்பித்தேன். அடுத்தவன் என்று நினைத்துக்கொண்டால் உண்மை கொஞ்சம் சரளமாக வருகிறது.

2

ஆரம்ப வரிக்கு ஆன பாடு:

'தலைநகரின் இரக்கமற்ற வெயில் ஏழைகளின் மேல்...' (வெயில் எல்லார் மேலும்தான் அடித்தது. வேண்டாம்.)

'அவளுக்குக் கண் இல்லை. ஆனால் அவள் கண்டதை எல்லாம்...' (இதை வத்சலா கேட்டால் சிரிப்பாள். அவள் சிரித்தால் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்.)

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். வத்சலா அந்த ஆபீஸின் டெலிபோன் ஆபரேட்டர். மதுரைக்காரி, முப்பது வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது. லைன் போட்டுக் கொடுப்பது அவள் உத்தியோகம். அதற்கு நடுவே சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்றையும் வைத்திருந்தாள்: பஸ் ஏற முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

அதை ஒரு சேவை என்று அவள் நினைத்து ஆரம்பிக்கவில்லை. ஆர்.கே.புரத்தில் பக்கவாதம் வந்த ஒரு பென்ஷன்காரரின் மனைவி, டாக்ஸி நம்பர் கேட்டு அழுதுகொண்டே போன் செய்தாள். எங்கேயோ போக வேண்டியது தவறி இவள் சுவிட்ச்போர்டில் வந்து விழுந்த அழைப்பு. 'ராங் நம்பர்' என்று வைத்துவிடாமல், வத்சலா தனக்குத் தெரிந்த அப்பாவுவைப் பிடித்து அனுப்பினாள். அப்பாவு டாக்ஸி ஓட்டுபவர். காலையில் சவாரி இறக்கிவிட்டு அந்தப் பக்கம் காலியாகத்தான் திரும்புவார். அவ்வளவுதான் விஷயம். யார் எங்கே காலியாகத் திரும்புகிறார்கள், யார் எங்கே போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற இரண்டு பட்டியல் போதும். இரண்டையும் கெட்டி அட்டையில் ஊசியால் குத்திப் புள்ளி எழுத்தில் வைத்திருந்தாள். ஒரு வருஷத்தில் ஸ்கூட்டர்காரர்கள் ஒன்பது பேர், டாக்ஸி ஒன்று, ஆட்டோ இரண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வரும் வேன் ஒன்று.

(ஜம்புவும் உதவினார். வண்டி கொடுத்து அல்ல. டெல்லி வரைபடத்தை வாங்கி, சிவப்பு, பச்சை, மஞ்சள் குண்டூசிகள் குத்தி, டெலிபோன் அறைச் சுவரில் மாட்டிக் கொடுத்தார். பார்வையில்லாத ஒருத்திக்கு. அவள், "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொல்லி அதன்மேல் தன் குடையை மாட்டிக்கொண்டாள்.)

3

ஆராயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜங்புராவில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய்க்கு ஓரமாக இருக்கும் மதராசி கேம்ப்பில் குடிசை. சேலம் பக்கம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். பாத்திரத்தில் பிசுக்கு அப்படியே இருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் திட்டிய பிறகுதான் கண்ணில் புரை விழுந்திருப்பதே அவளுக்குத் தெரிந்தது. வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. தையல் பிரிக்க அந்தப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்குள் சீட்டு வாங்கிவிட வேண்டும். மறுநாள் டாக்டர் லீவில் போகிறார்.

அன்றைக்குப் பார்த்து பஸ் ஸ்டிரைக்.

(இந்த இடத்தில் ஒரு கதாசிரியன் விதியைப் பற்றி ஒரு பாரா எழுதுவான். நானும் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.)

வத்சலா காலை ஏழரைக்கே வந்து போர்டில் உட்கார்ந்துவிட்டாள். பதினொரு பேரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு மணிக்குள் பத்துப் பேருக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. அப்பாவு இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போயிருந்தார், திரும்ப ஐந்தாகும். ஸ்கூட்டர்காரர்கள் ஒன்பது பேரும், ஆட்டோ இரண்டும், வேனும் ரோட்டில். மிச்சம் ஆராயி. ஜங்புரா மருந்துக்கடை போனில், "ரெண்டு மணிக்கு ரோட்டோரமா வந்து நிக்கட்டும், வண்டி வரும்" என்று சொல்லி வைத்துவிட்டு, பியூனை அனுப்பி ஜம்புவை வரச் சொன்னாள்.

4

ஜம்பு சலவை ஜிப்பாவில் இருந்தார். அரை நாள் லீவு. நாலு மணிக்கு ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் சிறுகதை வாசிப்பு. வாசிக்கப்போகிறவர் அவர்தான். கதை, பார்வையற்ற ஒரு டெலிபோன் ஆபரேட்டர் ஏழைகளுக்கு வழிகாட்டுவதைப் பற்றியது. (தலைப்பைச் சொல்ல மாட்டேன். அதில் 'தீபம்' என்ற சொல் இருந்தது என்பதோடு விட்டுவிடுங்கள்.)

"சார், ஒரே ஒரு நடை. ஆராயிம்மாவ ஆஸ்பத்திரியில விட்டுட்டா போதும். திரும்பி வர நான் பாத்துக்கிறேன்."

ஜம்பு ஸ்கூட்டர் சாவியை டக்கென்று மேசையில் வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். ஜங்புரா, ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆர்.கே.புரம். நேரம் இருந்தது. தாராளமாகவே இருந்தது. ஆனால் ஜிப்பா கசங்கும். மேடையேறுவதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம் என்று வேறு நினைத்திருந்தார்.

"அடடா, வண்டி ரிப்பேர்மா. மெக்கானிக்கிட்ட விட்டிருக்கேன். இல்லேன்னா நான் மாட்டேன்னு சொல்வேனா?"

வத்சலா என்ன சொன்னாள்?

முதல் வரைவில் அவள், "எல்லாம் தெரிந்தும் பொய் சொல்கிறீர்களே!" என்று ஒன்றரைப் பக்கம் பேசினாள். இரண்டாம் வரைவில் பேசாமல் கண்ணீர் விட்டாள். நடந்தது இது:

"சரி சார்."

அவ்வளவுதான். அடுத்த லைனில் செருகியைச் செருகினாள். ஜம்பு வாசல்வரை போய்விட்டார். பின்னாலிருந்து குரல்.

"சார், சாவிய மேசையிலயே வெச்சுட்டுப் போறீங்க."

வந்து எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம்.

"வீட்டுச் சாவிம்மா இது."

"நான் ஒண்ணும் கேக்கலையே சார்."

5

கதை வாசிப்பு பிரமாதமாக நடந்தது. இரண்டு மாமிகள் மூக்கைச் சிந்தினார்கள். சங்கத்துச் செயலாளர் ராஜசேகரன், "இப்படிப்பட்ட பெண் நிஜமா இருக்காளா சார்?" என்று கேட்டார். ஜம்பு அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் ஸ்கூட்டர் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆயிற்று.

ஆராயி இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை ரோட்டோரத்தில் நின்றாள். பக்கத்துக் குடிசை சந்திரம்மாள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வத்சலா மருந்துக்கடைக்கு நாலு தடவை போன் போட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே வேறு வண்டி தேடினாள். கிடைக்கவில்லை. மறுநாள் காலை அப்பாவு கூட்டிப்போனார். டாக்டர் லீவில் போயிருந்தார். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த மூன்று வாரத்தில் கண் பழுத்தது. வேலை பார்த்த மூன்று வீட்டில் இரண்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். கடைசியில் தையல் பிரித்தபோது, வெளிச்சம் தெரிந்தது, ஆள் நிற்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை.

அன்றைக்கே போயிருந்தால் முகம் தெரிந்திருக்குமா? டாக்டரிடம் கேட்டிருக்கலாம். ஜம்பு கேட்கவில்லை. கதைக்கு மர்மம் நல்லது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். (பயந்துகொண்டு கேட்கவில்லை என்று எழுத நாலு நாள் ஆயிற்று எனக்கு.)

6

இதெல்லாம் தெரிந்த பிறகு ஜம்பு டெலிபோன் அறைக்குப் போனார். மனதுக்குள் ஒரு நீண்ட வசனம் தயாராக இருந்தது.

"வத்சலா, என் ஸ்கூட்டர்..."

"சரியாயிடுச்சா சார்? நல்லது. புதன்கிழமை ரெண்டு மணி. இடது கண்ணுக்குக் காட்டணும். ஆராயிம்மாதான், ரோட்டோரமா நிப்பாங்க." அட்டையை எடுத்துக் குத்திக்கொண்டாள். பத்தாவது ஸ்கூட்டர்.

'மன்னிப்பு என்ற சொல்லுக்குப் புள்ளி எழுத்தில் எத்தனை குத்து வேண்டும் என்று அவர் யோசித்தார்.' (நல்ல வரி. நடக்கவில்லை. பின்சீட் ரெக்ஸின் கிழிந்திருக்கிறதே, புடவை மாட்டுமே என்றுதான் யோசித்தார்.)

அதிலிருந்து புதன்கிழமைதோறும் ஜம்பு போனார். மழையில் போனார், வாசிப்பு இருந்த நாளிலும் போனார். நல்ல பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்பப் பத்து நிமிஷம் தாமதமானால் வத்சலாவிடமிருந்து அவர் மேசைக்குப் போன் மட்டும் வரும். "சார், ஜல்தி. நிக்கிறாங்க."

7

இனி முடிவு. ஐந்தாவது புதன்கிழமையோ ஆறாவதோ. லோதி ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த ஆராயி, அவர் தோளைப் பிடித்திருந்த கையை எடுக்காமல் பேச்சைத் தொடங்கினாள்.

"பஸ்ஸு ஸ்டிரைக்கு அன்னிக்கி ஒரு ஆபீஸ் பாபு எனக்காவ வர்றதா இருந்தாராம் சாமி. வண்டி கெட்டுப்போச்சாம். வத்சலாம்மா சொன்னுச்சு. பாவம், அந்த வெயில்ல எங்கெங்க தள்ளிக்கிட்டு அலைஞ்சாரோ. நான் நெழல்லதான் நின்னேன்."

ஜம்பு சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஆபீஸுதானே? உங்களுக்கு அவரத் தெரியுமா சாமி?"

ஒரு முடிவில் அவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார், ஆராயி மன்னிக்கிறாள். மன்னிக்கிற ஏழையை எழுதுவது ரொம்ப சுலபம். அதனாலேயே வேண்டாம் என்று வைத்தேன். இன்னொன்றில் அவள் பாதிவழியில் இறங்கி நடந்து போகிறாள். முகம் தெரியாத கண்ணோடு அந்த ரோட்டில் அவளை நடக்கவிட எனக்குத் தைரியமில்லை.

உண்மையில் ஜம்பு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"தெரியும்."

"நல்லாருக்காரா சாமி?"

இதற்கு மேல் எழுத வரவில்லை. அவரை உங்களுக்கும் இப்போது தெரியும். விளக்கு பச்சையாகிவிட்டது, பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள். அவள் கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.