படுக்கை விரிக்கும் பாடம்

நிரஞ்சலா தமிழ் படிப்பிக்க வந்தவள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை அது. உயர்தர வகுப்பில் புதிதாகத் தொழிற்பிரிவு தொடங்குகிறார்கள், ஹோட்டல் அறைப் பராமரிப்பை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று அதிபர் சொன்னதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுக்கை விரிக்கவும் குளியலறை தேய்க்கவும் சொல்லிக்கொடுக்கவா பட்டம் எடுத்தோம் என்று ஒரு வாரம் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஆசிரியர்களில் வயதில் இளையவள் அவள்தான். எவரும் விரும்பாததை இளையவர் தலையில் கட்டுவது எல்லாப் பாடசாலைகளிலும் உள்ள வழக்கம்.

பயிற்சிக்குப் பண்டாரவளைக்குப் போனபிறகு கோபம் கொஞ்சம் இறங்கியது. பதுளையிலிருந்து வந்திருந்த ஆசிரிய ஆலோசகர் றிஸாத் பூசி மெழுகாமல் பேசுகிறவர். ஓ.எல். பரீட்சையில் கணிதத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகளும் இந்தப் பிரிவில் சேர்ந்து படிக்கலாம், முடித்தால் கையில் ஒரு என்.வி.கியூ. தொழில் தகுதிச் சான்றிதழ் இருக்கும் என்றார்.

"இது இல்லாட்டி அந்தப் புள்ளைகள் எங்க போகும்னு என்னவிட ஒங்களுக்குத் தெரியும் டீச்சர்."

தெரியும். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும். இல்லாவிட்டால் கொழும்பில் ஏதாவது ஒரு கடைக்கோ வீட்டுக்கோ வேலைக்குப் போகும். அதை நினைத்ததும் நிரஞ்சலா விரிப்பின் மூலையை மடிக்கக் கவனமாகவே கற்றுக்கொண்டாள்.

வகுப்பு தொடங்கிற்று. கட்டிலும் மெத்தையும் மட்டும் வரவில்லை. கல்வி அலுவலகத்தில் எப்போது கேட்டாலும் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ஆமையில் ஏற்றி அனுப்பினார்களோ என்னவோ. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுத் தன் பழைய சேலையை விரித்துப் பார்த்தாள். பலகைக்கு அடியில் துணியை எப்படிச் செருகுவது? வகுப்பிலேயே சூட்டிகையான சதுர்ஷினி, "டீச்சர், இதுல படுத்தா கெஸ்ட்டுக்கு முதுகு போயிருங்க" என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள்.

அன்றைக்குத்தான் நிரஞ்சலாவுக்கு அந்த யோசனை வந்தது. பாடசாலைக்குப் பின்னால் அவள் குடியிருக்கும் குவாட்டர்ஸ். அங்கே மெத்தை போட்ட கட்டில் இருக்கிறது, குளியலறை இருக்கிறது. பிள்ளைகளை அங்கேயே கூட்டிப்போனாள். பிள்ளைகள் கதவைத் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள், விரித்தார்கள், தலையணைக்கு உறை போட்டார்கள், குளியலறையைப் பளபளவென்று தேய்த்தார்கள். இவ்வளவு நன்றாக ஒரு பாடம் தன் வாழ்நாளில் நடந்ததில்லை என்று நிரஞ்சலா பூரித்துப் போனாள்.

மறுநாள் வகுப்புக்குப் பையன்கள் மட்டும் வந்தார்கள். பெண்பிள்ளைகள் ஒருத்தியும் இல்லை. சற்று நேரத்தில் சதுர்ஷினியின் அம்மா நாகலெட்சுமி, கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நேராக ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள்.

"டீச்சர் ஊட்டு பாத்ரூமக் கழுவுறதுக்கா எம்புள்ளய இம்புட்டு தூரம் படிக்க வச்சேன்?"

"அப்பிடி இல்லங்க, அது பயிற்சி. பழகிக்கிறதுக்குத்தான்..."

"எனக்கும் அப்பிடித்தாங்க சொன்னாங்க." நாகலெட்சுமியின் குரல் உயரவில்லை. "சின்னப் புள்ளையில கொழும்புக்கு ஊட்டு வேலைக்குக் கூட்டிப் போறப்ப, வேல பழகிக்கட்டும்னுதான் சொன்னாங்க. எம்மகளுக்கு இந்தப் படிப்பு வேணாம்."

அவள் போய்விட்டாள். மற்ற ஆசிரியர்கள் பேனாவைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். நிரஞ்சலாவுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. யாருக்காக இவ்வளவு பாடுபட்டோம் என்றிருந்தது. ஆத்திரம் அடங்கியதும் வெட்கம் வந்து பிடுங்கித் தின்றது. பெண்பிள்ளைகள் திரும்பாவிட்டால் ஆள் போதாமல் வகுப்பை மூட வேண்டியதுதான். கணிதத்தில் தவறிய சதுர்ஷினிக்கு வேறு எந்தக் கதவும் திறக்காது.

ஆறுதல் சொல்வார் என்று றிஸாத்துக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாடம் சரி டீச்சர். கட்டில்தான் பிழை" என்றார். "ஹோட்டல்ல படுக்குறவர் யாரோ ஒருத்தர். ஒங்க வீட்ல படுக்குறது நீங்க. பெத்தவங்க கண்ணுக்கு அது வீட்டு வேலதான். நீங்க எப்பயாவது அவங்கட படுக்கைய விரிச்சிருக்கீங்களா?"

"இல்ல சேர்."

"அப்ப விரிங்க. நானும் வாறன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நாகலெட்சுமி குடியிருக்கும் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, இறங்கினார்கள். றிஸாத்தின் கையில் பிரஷும் கையுறையும் போட்ட வாளி, நிரஞ்சலாவின் கையில் புது விரிப்பு. டீச்சர்மார் லயத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டிலிருக்கும் நல்ல நாற்காலி வெளியே வரும், சோடா வாங்க யாராவது கடைக்கு ஓடுவார்கள், வீட்டுக்காரி நின்றுகொண்டே பேசுவாள். கோபம் இருந்தாலும் நாகலெட்சுமி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்க உக்காருங்க" என்றாள் நிரஞ்சலா.

"நானா?"

"நீங்கதான் இன்னைக்கு கெஸ்ட்."

நாகலெட்சுமி உட்காரவில்லை. சதுர்ஷினிதான் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். நிரஞ்சலா திறந்திருந்த கதவைத் தட்டினாள். "ஹவுஸ்கீப்பிங். உள்ள வரலாங்களா?" லயமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பதில் வரும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். கடைசியில், "வாங்க" என்றாள் நாகலெட்சுமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு கட்டில். நடுவில் குழி விழுந்த பஞ்சு மெத்தை. விரிப்பை ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கழன்றது. "டீச்சருக்கு மார்க் கொறைங்கடா!" என்று வெளியே ஒரு குரல் கேட்டது. வியர்த்துக் கொட்ட ஒருவழியாக நான்கு மூலையும் மடித்தாள். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, லயத்துக்குப் பின்னாலிருந்த கக்கூசுக்கு பிரஷோடு போனாள். சிரிப்பு நின்றுவிட்டது.

நாகலெட்சுமி பதறி எழுந்து ஓடிவந்தாள். "ஐயோ டீச்சர், வேணாங்க, நீங்க போய் இத..."

"புள்ளைங்க செய்யலாம்னா நானும் செய்யணுங்க."

றிஸாத் தண்ணீர் ஊற்ற, நிரஞ்சலா தேய்த்தாள். முடித்து, கை கழுவி, நாகலெட்சுமி முன்னால் வந்து நின்றாள். "ஒங்கள கேக்காம புள்ளைங்கள எங்க ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனது எம்மேல தப்பு. மன்னிச்சிருங்க."

நாகலெட்சுமி உள்ளே போய் மடிப்புக் கலையாத அந்தப் படுக்கையைத் தடவிப் பார்த்தாள்.

"புள்ளய அனுப்புறேன். ஆனா ஒங்க ஊட்டுக்கு இல்ல."

"பள்ளிக்கூடத்துல கட்டில் இல்லையேங்க. வாற வரைக்கும்..."

"இதத் தூக்கிட்டுப் போங்க."

"நீங்க எங்க படுப்பீங்க?"

"கீழதான். கொழும்புல குசினியில அடுப்போரத் தரையில ஊரான் புள்ளைக்காகப் படுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே நாகலெட்சுமி தலையணையை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். "இங்க எம்புள்ளைக்காகப் படுக்கிறேன்."

கட்டில் அன்றைக்கே பாடசாலைக்கு மலைப்பாதையில் ஏறியது. ஒரு பக்கம் றிஸாத்தும் நாகலெட்சுமியின் புருஷனும், மறுபக்கம் நிரஞ்சலாவும் சதுர்ஷினியும் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். நிரஞ்சலா அழுதுகொண்டே வந்தாள். அதை யாரிடமும் அவள் மறைக்கவில்லை.