விரால் தொடாத வீடு

வரலாறு படிக்கிற பிள்ளைகளை ஹனோயிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்து கோயில், கோட்டை, கல்வெட்டு என்று சுற்றிக் காட்டியும் ஆசிரியைக்கு ஆசை அடங்கவில்லை. கடைசி நாள் மாணவன் லுவானின் சொந்த ஊருக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார். அங்கே அவன் குலத்தாருக்கென்று முன்னோரைக் கும்பிடும் வீடு ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவர் லுவானின் பெரியப்பா குவாட்.

உயெனுக்கு உள்ளூரக் குறுகுறுப்பு. அவளும் லுவானும் ஒரு வருஷமாகக் காதலிக்கிறார்கள். வகுப்பில் யாருக்கும் தெரியாது என்பது அவர்கள் நினைப்பு. புகப்போகும் வீட்டைக் கல்லூரிச் செலவில் பார்க்கக் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

குவாட் நல்ல பேச்சுக்காரர். எல்லோரையும் பாயில் உட்காரவைத்து, பச்சைத் தேநீரை ஊற்றிக்கொடுத்து ஆரம்பித்தார்.

"எங்க மூதாதை அரசனுக்குப் பயந்து படகுல தப்பிச்சு ஓடுனாரு. நடு ஆத்துல படகு ஓட்டை. தண்ணி குபுகுபுன்னு ஏறுது. செத்தோம்னு நினைச்சப்ப சட்டுனு நின்னுபோச்சு. கரைக்கு வந்து பாத்தா, ஒரு விரால் மீன் ஓட்டையில தலையைக் குடுத்து அடைச்சிக்கிட்டுக் கிடக்குது. அன்னையிலேர்ந்து எங்க வம்சத்துல விரால் தொடுறதில்ல. அவரு தம்பி குலப்பேரை மாத்திக்கிட்டுக் கடலோரமாப் போயி மறைஞ்சாரு. அந்தக் கிளையை இன்னும் தேடுறோம். விரால் திங்காத கடலோரக் குடும்பம் இருந்தா, அது எங்க ரத்தம்!"

உயெனின் தோழி தாவோவுக்கு வாயில் எதுவும் நிற்காது.

"பெரியப்பா! இதோ நம்ம உயென் விரால் தொடமாட்டா. அவங்க வீட்டுக்குள்ளயே அந்த மீன் வராதாம். ஊரும் கடலோரம்தான்!"

குவாட் எழுந்துவிட்டார். "நெசமாம்மா?"

உண்மைதான். 'நம்ம வீட்டுல விரால் கிடையாது, ஏன்னு கேக்காதே' என்று அப்பா முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்வார். பிறந்ததிலிருந்து அதன் ருசியே அவளுக்குத் தெரியாது. லுவானைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

"எங்க வீட்டுப் பொண்ணு வந்துட்டாடா! லுவான், உன் தங்கச்சிடா இவ!" கிழவரின் கண்ணில் பொலபொலவென்று நீர். "இரு, ஊதுபத்தி ஏத்தி முன்னோருக்குச் சொல்லிடுறேன்."

லுவான் பேயறைந்தவனைப் போல நின்றான். பங்காளி முறை என்றால் சட்டம் வேண்டுமானால் விட்டுவிடும், குவாட் விடமாட்டார். ஊதுபத்தி ஏற்றி முன்னோரிடம் சொல்லிவிட்டால் சொன்னது சொன்னதுதான். காதலனையும் அண்ணா என்றே கூப்பிடுவதுதான் அந்த நாட்டு வழக்கம். உயென் அவனை எத்தனை கொஞ்சலாகக் கூப்பிட்டிருப்பாள்! இப்போது நினைத்தால் அழுகை வந்தது.

"ஒரு நிமிஷம் பெரியப்பா. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். அப்பா உப்பளத்தில் இருப்பார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள்.

"என்னடி, வெயில்ல உப்பு வாரிட்டிருக்கேன்."

"அப்பா, நாம ஏன் விரால் திங்கிறதில்ல?"

"அதை ஏன் இப்ப கேக்குற?"

"சொல்லுப்பா, உன் கால்ல விழுறேன்! நம்ம வம்ச வழக்கமா?"

"வம்சமாவது வழக்கமாவது! உங்க தாத்தா தலையைக்கூட விடாம உறிஞ்சித் தின்னுவாரு." அப்பாவின் குரல் இறங்கியது. "உங்கம்மாவைப் பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு விரால் குழம்பு. முள்ளு தொண்டையில மாட்டிக்கிச்சு. இருமுன இருமல்ல அத்தனையும் மாமனார் மடியில. இன்னிக்கு வரைக்கும் உங்கம்மா வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதே, மானம் போயிரும்."

உயென் முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. அப்பாவை அத்தனை ஆசையாக அவள் என்றுமே நினைத்ததில்லை.

உள்ளே குவாட் கையில் தீக்குச்சியை எடுத்துவிட்டிருந்தார்.

"ஏத்தாதீங்க பெரியப்பா! நான் உங்க வீட்டுப் பொண்ணு இல்ல. எங்கப்பாவுக்கு முள்ளு மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்." மானத்தைக் காப்பாற்றுவதெல்லாம் மறந்தே போனது.

"இல்லையா? தங்கச்சி இல்லையா?" லுவான் துள்ளிய துள்ளலில் தேநீர்க் குடுவை உருண்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அழுதான். வகுப்பே வாயைப் பிளந்தது. "எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள் தாவோ.

குவாட் தொங்கிப்போன முகத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஓகோ. கதை அப்படிப் போகுதா?" தீக்குச்சியைப் பெட்டிக்குள் வைத்தார். "ஒண்ணு சொல்லிப்புடுறேன் பொண்ணு. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வர்றவளும் விரால் தொடக்கூடாது. அதுல தள்ளுபடி கிடையாது."

"அது எனக்குப் பழக்கம்தான், பெரியப்பா" என்றாள் உயென்.