கார்தெல்லினாவின் இடது பெடல்

நவம்பர் மாதத்தில் எங்கள் பக்கத்து மூடுபனி காலையில் வருவதில்லை. முந்தின நாள் மாலையே வந்து, தங்கி, விடியும்போது நமக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். ஃபெர்ராராவுக்குக் கிழக்கே, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற நிலம் இது. மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. மழைத்தண்ணீர்கூட எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்து, யோசித்த இடத்திலேயே நின்றுவிடும். இங்கே மூடிக்கிடக்கும் சர்க்கரை ஆலையின் கொட்டகையில், சான் மார்த்தீனோ திருநாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சங்கத்தின் சந்தை கூடும். பழைய சைக்கிள் பாகங்களின் சந்தை.

கொட்டகைக்குக் கூரை பாதிதான். ஆகவே பனி உள்ளேயும் இருக்கும். முதலில் ஒரு கை தெரியும், பிறகு அந்தக் கையில் ஒரு பிரேக் பிடி தெரியும், அதற்கும் பிறகுதான் ஆள் தெரிவார். சிலர் கடைசிவரை தெரியவே மாட்டார்கள். குரலோடு பேரம் பேசி, நீட்டிய கையிலிருந்து ஒரு சக்கர ஹப்பை வாங்கிக்கொண்டு போவோம். வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தால், போன வருடம் நாமே கொடுத்துவிட்டு வந்த ஹப்பாக இருக்கும்.

இந்தச் சந்தையில் பணம் செல்லாது. பாகத்துக்குப் பாகம்தான். விலை கேட்டவர் அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் ஃபோர்த்தானா மது வாங்கித்தர வேண்டும் என்பது விதி. ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார். அவரை நாங்கள் இன்றும் அன்போடு நினைத்துக்கொள்கிறோம். இன்னொரு விதி, துருவைத் தொடக்கூடாது. எங்கள் ஊரில் துருவுக்கு இருக்கும் மரியாதை மேயருக்குக் கிடையாது. யாராவது ஒரு பாகத்தைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தால், அவரிடம் தாழ்ந்த குரலில் துக்கம் விசாரிப்போம்.

சங்கத்தின் தலைவர் எவாந்த்ரோ மலகூத்தி, ஓய்வுபெற்ற பல் மருத்துவர், என் அக்கா இரீதேயின் கணவர். மீசையின் இரண்டு முனைகளையும் மெழுகால் மேல்நோக்கித் திருப்பியிருப்பார். சந்தைக்கு வரும்போது முழங்காலோடு நின்றுவிடும் கம்பளிக் கால்சட்டையும் கட்டம் போட்ட நீளக் காலுறையும் அணிவார். அதற்கு மேல், கால்சட்டை சங்கிலியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கணுக்காலில் போடுகிற இரும்பு வளையமும் போட்டிருப்பார். முழங்காலில் முடிந்துபோகும் கால்சட்டைக்கு அந்த வளையம் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அதைப் போட்டுக்கொண்டு அவர் காரில் வருவார்.

காரின் கூரையில் கார்தெல்லினா வரும். எங்கள் அப்பாவின் சைக்கிள் அது, அக்காவோடு சேர்ந்து தலைவர் வீட்டுக்குப் போனது. அந்தப் பெயரில் வண்டி செய்த பட்டறை எப்போதோ போய்விட்டது. நிலத்தின் நிறத்தில் சட்டம், தோல் இருக்கை, பெடலின் மூடியில் பொறித்த சின்னக் குருவி. வலது பெடலில் குருவி இடது பக்கம் பார்க்கும், இடது பெடலில் வலது பக்கம் பார்க்கும். எதிரும் புதிருமாக இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் என்பது பட்டறைக்காரரின் கற்பனை. எங்கள் வண்டியில் வலது குருவி மட்டும்தான் உண்டு. அது பல வருடங்களாக வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது பெடலைத் தாங்க வேண்டிய கிராங்கின் முனையில் தலைவர் ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தார், இறந்தவர் நாற்காலியில் பூ வைப்பது போல.

வண்டியில் ஏறுகிறவன் இடது பெடலில்தான் காலை ஊன்றி உந்துவான். அதனால் இடதுதான் முதலில் தேயும், வளையும், குப்பைக்குப் போகும். எங்கள் சந்தையில் வலது பெடல்கள் மலைபோல் கிடக்கும், எல்லாம் துணையை இழந்தவை. கார்தெல்லினாவின் இடது பெடலைக் கண்ணால் பார்த்தவர் எங்களில் யாரும் இல்லை.

தலைவர் ஒவ்வொரு வருடமும் மேடையேறி அதைப் பற்றிப் பேசுவார். பெடல் மிதிப்பது பூமியோடு நடத்தும் உரையாடல் என்பார். இன்னொரு பெடலை மாட்டி ஓட்டுவது அந்த வண்டிக்குச் செய்யும் துரோகம் என்பார். கடைசியில் கையை நெஞ்சில் வைத்து, இடது பெடல் கிடைக்கும் நாளில், கிடைத்த இடத்திலேயே ஏறி, வாய்க்கால் பாலம்வரை ஓட்டிப் போய்த் திரும்புவேன் என்று சபதம் சொல்வார். எல்லோரும் தொப்பியைக் கழற்றுவோம். சிலர் மூக்கைச் சிந்துவார்கள்.

அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்தது. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டு முற்றத்தில் அக்கா அவருக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். திராட்சைப் பந்தல் விழுந்தது. தான் விழவில்லை, பந்தல்தான் விழுந்தது என்று இன்றும் சொல்கிறார். அதற்குப் பிறகு அந்த இடது பெடல் இல்லாமல் இருந்ததே அவருக்குப் பெரிய துணையாயிற்று. அது இல்லாததால்தான் அவர் ஓட்டவில்லை, ஓட்டாததால்தான் அவர் ஓட்டத்தைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேச முடிந்தது, பேசியதால்தான் தலைவரானார். ஒவ்வொரு வருடமும் சந்தை முடிந்து திரும்பும்போது, காரில் என்னிடம், "இந்த வருஷமும் கெடைக்கல மாப்ள" என்று பெருமூச்சு விடுவார். அந்த மூச்சில் இருந்த நிம்மதி கண்ணாடியில் ஆவியாகப் படியும்.

இந்த வருடம் கிடைத்துவிட்டது.

கொண்டுவந்தவள் நிவேஸ். கோமாக்கியோவில் விலாங்கு மீன் வறுத்து விற்கிறவள். கடை மூடும் நாட்களில் கழிமுகத்துப் பண்ணைகளில் பழைய பாகம் தேடிக் கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்குவாள். பனிக்குள்ளிருந்து முதலில் அவளுடைய எண்ணெய் வாசனை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது.

"தலைவரே, கண்ண மூடிக்கிட்டுக் கைய நீட்டுங்க."

அவர் நீட்டினார். அவள் வைத்தாள். ஒரு கோழிக்கூண்டின் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்ததாம், கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு எடுத்து வந்தாளாம். அவள் கதையை முழுக்கச் சொல்லி முடித்த பிறகும் தலைவர் கண்ணைத் திறக்கவில்லை. எடையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சுற்றிலும் பனிக்குள்ளிருந்து தொப்பிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. சங்கமே கூடிவிட்டது.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வருத்தமாகத் தலையசைத்து, குருவி வலது பக்கம் பார்க்கிறதே, இது போலியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஆல்தீனோ, சங்கத்திலேயே நல்ல ஞாபகசக்தி உள்ளவர், பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இடது குருவி வலது பக்கம்தான் தலைவரே பாக்கணும். போன வருஷம் நீங்களே அதப் பத்தி மதியச் சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் பேசுனீங்க."

தன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் இருந்திருக்கிறார் என்பது தலைவருக்குப் புதிய செய்தி. அவர் மீசையைத் தடவிக்கொண்டு அடுத்த அரணுக்குப் பின்வாங்கினார். இவ்வளவு அரிய பொருளுக்கு ஈடாகக் கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது, நிவேஸ் கேட்கக்கூடியது எதுவும் இல்லையே என்றார். உண்மைதான் என்றாள் அவள். அவளுக்கு வேண்டியது ஆல்தீனோவிடம் இருந்த, சைக்கிளில் மாட்டும் பழைய கார்பைட் விளக்கு.

தலைவர் முகம் தெளிந்தது. ஆல்தீனோ அந்த விளக்கைத் தரமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அதைப் படுக்கையருகே வைத்துக்கொண்டுதான் தூங்குவார், மனைவி அடுத்த அறையில். ஆல்தீனோவோ, சங்கத்தின் மூத்தவர் ஃபியோரென்சோ தன்னுடைய சைக்கிள் மணியைத் தந்தால் விளக்கைத் தருவதாகச் சொன்னார். தலைவர் முகம் இன்னும் தெளிந்தது. ஃபியோரென்சோவின் மணி, அவர் ஈஸ்டர் அன்று மட்டும் ஒரே ஒருமுறை அடிக்கிற மணி. பங்குச் சாமியாரே கேட்டுப் பார்த்து வெறுங்கையோடு போயிருக்கிறார்.

எண்பதைத் தாண்டிய ஃபியோரென்சோ தன் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, கைக்குட்டையில் சுற்றியதை எடுத்து ஆல்தீனோவிடம் நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். நான் கண்ண மூடறதுக்குள்ள நம்ம தலைவர் ஓட்டறதப் பாக்கணும், அவ்ளோதான்."

மணியை வாங்கிய ஆல்தீனோ, இன்று ஒருநாள் இது தலைவர் வண்டியில்தான் இருக்க வேண்டும் என்று அங்கேயே ஹேண்டில்பாரில் பூட்டினார். விளக்கு நிவேஸிடம் போயிற்று. இதற்குமுன் எங்கள் சந்தையில் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு மரையாணியைக்கூட இனாமாகக் கொடுத்ததில்லை. தலைவர் என் முழங்கையைப் பிடித்தார். விரல்கள் பனியைவிடக் குளிராக இருந்தன.

"நம்மாளுங்களுக்கு எப்ப மாப்ள இவ்ளோ நல்ல மனசு வந்துச்சு?"

"எனக்கும் அதான் அத்தான் தெரியல."

இனி மாட்டுவதுதான் பாக்கி. சிவப்பு நாடாவை அவிழ்த்தார். அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது. பெடலின் தண்டைக் கிராங்கின் துளையில் வைத்து வலது பக்கமாகத் திருகினார். பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். பிடிக்கவில்லை. நிமிர்ந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"சேரல. அளவு வேற போல. விதி இதுதான்னா நாம என்ன பண்ண முடியும்?"

இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடும் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆல்தீனோ, கொட்டகைக்கு இல்லாத பாதிக் கூரையை ஆராய்ந்தார். ஃபியோரென்சோவுக்கு இருமல் வந்தது, தேவைக்கு மேல் வந்தது. நிவேஸ்தான் குனிந்து, "கைக்கு மறதி வந்துடுச்சு தலைவரே, எத்தன வருஷமாச்சு" என்று சொல்லிக்கொண்டே பெடலை மறுபக்கமாகத் திருப்பினாள். அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அவள் கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றினாள். மேலே போன குருவி கீழே வந்தது, கீழே இருந்தது மேலே போயிற்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே சுற்றின.

பனி ரொம்ப அதிகமாக இருக்கிறதே என்றார் தலைவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தப் பாதை தனக்குத் தெரியும் என்று அவர் வருடாவருடம் சொல்வதை ஆல்தீனோ நினைவுபடுத்தினார். தலைவர் ஹேண்டில்பாரைப் பிடித்தார். பிடித்த விதமே எனக்குப் பந்தலை ஞாபகப்படுத்தியது. அவர் என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

"அக்காகிட்ட சொல்லிடு மாப்ள."

"என்னன்னு அத்தான்?"

அவர் யோசித்தார். "சாப்பாட்டுக்குக் கொஞ்சம் லேட்டாகும்னு."

ஓட்டத்தைக் கொட்டகைக்குள் தொடங்குவது மரபல்ல, வாசலைத் தாண்டித்தான் ஏற வேண்டும் என்று அறிவித்துவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தார். வாசலில் முதலில் கால் மறைந்தது, பிறகு கோட்டு, கடைசியாக மீசையின் இரண்டு முனைகள். பிறகு வெள்ளை மட்டும் இருந்தது.

நாங்கள் வாசலில் நின்று காதைக் கொடுத்தோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் பின்சக்கரத்து ஃப்ரீவீல் பேசாது. மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டால் டிக்டிக்கென்று வேகமாகப் பேசும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் பேசும், ஆனால் காலடிக்கு ஏற்றபடி, சோம்பலாக. அந்த வாசலில் நின்றவர்களில் சத்தத்தை வைத்தே ஃப்ரீவீல் எந்தப் பட்டறை என்று சொல்லக்கூடியவர்கள் பாதிப் பேர்.

பனிக்குள்ளிருந்து டிக் என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி டிக். சரளைக்கல்லில் பூட்ஸ் நடக்கிற சத்தமும் கூடவே வந்தது. வாய்க்கால் ஓரமாக, நெட்டிலிங்க மரங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, டிக், டிக் என்று அது நிதானமாகப் போயிற்று.

நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முகங்களும் அவ்வளவாகத் தெரியவில்லை.

"எறக்கத்துல உருட்டிவிட்டுப் போறாரு" என்றார் ஃபியோரென்சோ.

"ஆமா, நல்ல எறக்கம் அது" என்றார் ஆல்தீனோ.

எங்கள் ஊரில் பிறந்து, இறக்கம் என்ற ஒன்றைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் இருவரும். யாரும் சிரிக்கவில்லை. அவர் உருட்டுகிற அழகே தனி என்று நிவேஸ் மெல்லச் சொன்னாள். எல்லோரும் தலையசைத்தார்கள். எத்தனை வருடமாக இவர்களுக்குத் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஒருவேளை அந்தச் சபதத்துக்கு அவர்கள் சிந்திய மூக்கெல்லாம் அழுகைக்காக இல்லையோ என்னவோ.

டிக் நின்றது.

புல்லில் ஒரு மூட்டை சாய்ந்தது போல் ஏதோ கேட்டது. பிறகு ஒரு கெட்ட வார்த்தை, பல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லாதது. பிறகு மறுபடி மூட்டை. நான் ஓடலாமா என்று ஓரடி வைத்தேன். ஃபியோரென்சோ என் கோட்டைப் பிடித்து நிறுத்தினார்.

பனி அப்படியே நின்றது. வாய்க்கால் தண்ணீர் நின்றது. ஃப்ரீவீல் பேசவில்லை, பூட்ஸும் பேசவில்லை. அந்த அமைதிக்குள்ளிருந்து, எங்கோ பாலத்துப் பக்கமிருந்து, நடந்துபோகிற ஆள் அதற்குள் போய்ச்சேர முடியாத தூரத்திலிருந்து, ஈஸ்டருக்கு மட்டும் ஒலிக்கிற அந்த மணி ஒருமுறை அடித்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னும் தள்ளி, இன்னொரு முறை.

டிக் கேட்கவே இல்லை.

ஃபியோரென்சோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"இப்ப ஏத்தம் போல" என்றார்.