ஒரு கிரவுண்டு மனையும் ஓட்டல் படிப்பும்

தொம்மை திண்டிவனத்தில் லோடு வண்டி ஓட்டுபவர். அவர் மனைவி அமலோற்பவமேரி அதே ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா. பல வருஷம் தவணை கட்டி, விழுப்புரம் போகும் வழியில் ஒரு கிரவுண்டு மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் நாலு எல்லைக் கல்லும் புல்லும் தவிர எதுவும் இல்லை. ஆனால் தொம்மையின் மனசுக்குள் வீடு கட்டி முடிந்து, குடிபோய், ஒருமுறை வெள்ளையடித்தும் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகள் சகாய பிரியாவையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் வண்டியில் அங்கே போவார்கள். தொம்மை சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டு வைத்திருந்தார். மழை அழித்தால் மறுபடி போடுவார்.

"செருப்பக் கழட்டு, ஹாலுக்குள்ள நிக்கற" என்பார் மகளிடம்.

அமலோற்பவமேரி சமையலறைக் கோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். புல்லின் மேல் தட்டான்கள் பறக்கும். வெயில் இறங்கும் நேரத்தில் இல்லாத ஜன்னல் வழியாகக் காற்று வரும். பிரியா அந்த வீட்டில்தான் வளர்ந்தாள் என்று சொல்லலாம். தன் கட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்ததும் பிரியா ஓட்டல் மேனேஜ்மென்ட் படிக்கப் போவதாகச் சொன்னாள். புதுச்சேரியில் ஒரு கல்லூரி. மூன்று வருஷம். பீஸ், ஹாஸ்டல், யூனிபாரம், ஷூ, சமையல் கத்தி வரைக்கும் சேர்த்தால் ஆறு லட்சம் கிட்டத்தில் வந்தது. லோன் என்ற பேச்சையே தொம்மை எடுக்க விடவில்லை. லோன் வாங்கி அவர் தம்பி பட்ட பாடு அவருக்குப் போதும். மீதி இருந்தது மனைதான்.

"வீட்ட வித்துட்டு தட்டு தூக்கப் படிக்கணுமா?" என்றார்.

"அது வீடு இல்லப்பா, வெறும் எடம்" என்று பிரியா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

அவர்கள் தெருவில் ஷாலினி என்று ஒரு பெண். அதே படிப்பு படித்துவிட்டு, மரக்காணம் தாண்டிக் கடற்கரையில் இருந்த ஒரு ரிசார்ட்டில் வேலை பார்த்தாள். லீவில் வந்தவள் விஷயம் கேள்விப்பட்டு வந்தாள்.

"அங்கிள், ஒரு நாள் மூணு பேரும் அங்க வாங்க. பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. சீசன் இல்ல, ரூமெல்லாம் காலியாத்தான் கெடக்குது."

அடுத்த வாரமே போனார்கள். ராத்திரி டியூட்டி முடித்து அமலோற்பவமேரி அப்படியே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மரக்காணம் பக்கம் உப்பளங்கள் வெயிலில் கண்ணாடி போலக் கிடந்தன. குவித்து வைத்த உப்பு மேகம் தரையில் இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ரிசார்ட்டின் முன்கூடத்தில் கடல் பார்த்த பக்கம் சுவரே இல்லை. மூவரையும் சோபாவில் உட்கார வைத்து, ஒரு பெண் தட்டில் நனைத்த துண்டுகள் கொண்டுவந்தாள். அதில் எலுமிச்சம்புல் வாசனை. அமலோற்பவமேரிக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

"முகம் தொடச்சிக்குங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

இத்தனை வருஷமும் ஆஸ்பத்திரியில் அமலோற்பவமேரி யார் யார் முகத்தையோ துடைத்திருக்கிறாள். தன் முகத்துக்கென்று யாரும் துண்டு நனைத்துக் கொடுத்ததில்லை. துடைத்துக்கொண்டு சாய்ந்தாள். அலை ஒருமுறை வந்து போனது அவளுக்குக் கேட்டது. அடுத்த அலை வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

ஷாலினி மற்ற இருவரையும் அறைகளைக் காட்டக் கூட்டிப்போனாள். மாடியில் ஒரு அறை. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் முழுக்கக் கண்ணாடி, அதற்கப்பால் கடல். தொம்மை அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. இன்னா குடுக்கறாங்க?"

"சேர்ந்தப்ப பதினோராயிரம் அங்கிள். இப்ப நாலாவது வருஷம், இருபத்தி நாலு. சாப்பாடும் தங்கறதும் இவங்களோடது."

"உன்கூடப் படிச்சதுங்க?"

"நாப்பது பேரு. பாதிப் பேரு இந்த லைனையே விட்டுட்டாங்க. ஒருத்தன் கப்பல் வேலைக்குப் போயிட்டான், சம்பளத்துல அவன் எங்கயோ இருக்கான். இன்னொருத்தன் விக்கிரவாண்டி டோல்கிட்ட சாப்பாட்டுக் கடை போட்டுக்கினான். எங்க எல்லாரையும் விட நல்லா பண்ணிக்கினு இருக்கான்."

"கடை போடறதுக்கு எதுக்கும்மா படிப்பு?"

ஷாலினி சிரித்தாள். "அதத்தான் நானும் கேட்டேன். படிக்கலன்னா கடை போடத் தைரியமே வந்திருக்காதுன்னான்."

அதற்குள் அவளுக்கு அழைப்பு வந்தது. கீழே இறங்கிப் போனாள். தண்ணீர் குடிக்கப் பின்னாலேயே போன பிரியா எல்லாவற்றையும் பார்த்தாள். ஏசி சரியில்லை என்று ஒருவர் ஷாலினியிடம் கத்திக்கொண்டிருந்தார். அவள் சிரித்த முகம் மாறாமல் மன்னிப்புக் கேட்டாள், வேறு அறை தருவதாகச் சொன்னாள், அவர் போகும் வரை நிமிர்ந்தே நின்றாள். அப்புறம் கதவுக்குப் பின்னால் வந்து ஷூவைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தரையில் பாதத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"நாளெல்லாம் நின்னுக்கினே இருக்கணும் பிரியா. பழகிடும்" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

அமலோற்பவமேரி கண் விழித்தபோது கடலின் நிறம் மாறியிருந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. மேலே மெல்லிய சால்வை ஒன்று கிடந்தது. முகத்தில் வெயில் படாமல் யாரோ திரையை இழுத்து விட்டிருந்தார்கள். துண்டு கொடுத்த பெண் அந்தப் பக்கம் வந்தாள்.

"எழுப்பியிருக்கலாமேம்மா. நாங்க ரூம்கூட எடுக்கலையே" என்றாள் இவள் கூச்சத்தோடு.

"இருக்கட்டும்மா. நீங்க தூங்குனதப் பார்க்கவே நல்லா இருந்துச்சு."

திரும்பி வரும்போது, வண்டி உப்பளத்தைத் தாண்டியதும் அமலோற்பவமேரி வாய் திறந்தாள்.

"எடத்த வித்துடலாங்க. இவ படிக்கட்டும்."

அதே நேரத்தில் பிரியா சொன்னாள். "வேணாம்மா. நான் பி.காம் சேந்துக்கறேன்."

தொம்மை வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தானே வந்தீங்க?"

ஊர் வரும் வரை அம்மாவும் மகளும் வாதாடினார்கள். நேற்று வரை கேட்டவள் இன்று வேண்டாமென்றாள், வாயே திறக்காதவள் படித்தே ஆகவேண்டும் என்றாள். கடைசியில் பிரியாதான் வழி கண்டுபிடித்தாள். ரிசல்ட் வரும் வரை அங்கே வேலை செய்து பார்க்கிறேன் என்றாள். ஷாலினி பேசி, அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் சேர்த்துவிட்டாள்.

முதல் வாரம் பிரியா போனில் அழுதாள். இரண்டாம் வாரம் போன் வரவில்லை. அப்புறம் வந்த போன்களில் அவள் குரல் வேறு எங்கிருந்தோ வருவது போல நிதானமாக இருந்தது. தங்கியவர்கள் கிளம்பிப் போன அறைக்குள் காலையில் முதலில் நுழைவது தனக்குப் பிடித்திருப்பதாகச் சொன்னாள். கசங்கிய விரிப்பு, பாதி குடித்த தண்ணீர், யாரோ மறந்துபோன சீப்பு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விரிப்பை நீவி, திரையை விலக்கினால், அந்த அறையில் இதுவரை ஒருவரும் கவலையோடு படுத்ததே இல்லை என்று தோன்றுமாம். வெளிச்சம் வந்து கட்டிலில் உட்காருவதைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவாளாம்.

கறுத்து, இளைத்து வீடு திரும்பினாள். அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"கால் வலிக்குதுப்பா. கத்தறாங்க. ஆனா எனக்கு இது வருது."

"போட்ட காசு திரும்பி வருமா?"

"தெரியலப்பா. கப்பலுக்குப் போனா சீக்கிரம். இல்லன்னா அஞ்சாறு வருஷம் ஆவும். வராமலும் போவலாம்."

வரும் என்று அடித்துச் சொல்லியிருந்தால் தொம்மை மனையை விற்க யோசித்திருப்பார். அவள் அப்படிச் சொல்லாததால் அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

பக்கத்து மனைக்காரர் தேவநாதன் பாதியை மட்டும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். படிப்புச் செலவுக்கு அதுவே போதுமாக இருந்தது. பத்திரம் பதிந்து வெளியே வந்தபோது தொம்மை வண்டிச் சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. மறுநாள் தனியாகப் போய்ப் புதுக்கோடு போட்டுவிட்டு வந்து, "ஒன் ரூமு இப்ப மாடியில" என்றார் மகளிடம். அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிரியா இப்போது இரண்டாம் வருஷம். ஒரு கிரவுண்டில் பாதியைக் கொடுத்தது லாபமா என்று தெருவில் கேட்கிறவர்களுக்குத் தொம்மை ஒரு நாள் ஒரு பதில் சொல்கிறார், மறுநாள் வேறு பதில் சொல்கிறார்.

போன வாரம் பயிற்சிக்குப் போயிருந்த ஓட்டலிலிருந்து அவள் போன் செய்தாள். முதல்முறையாக வரவேற்பில் நிற்க வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்ததாம், அறை தயாராகவில்லையாம், அந்த மனிதர் கோபத்தில் குதித்தாராம். இவள் குழந்தைக்கு வெந்நீர் கேட்டு வாங்கி, அதன் அம்மாவை மரத்தடி ஊஞ்சலில் உட்கார வைத்தாளாம். கொஞ்ச நேரத்தில் அவரும் போய் அங்கே உட்கார்ந்துகொண்டாராம். அறை தயார் என்று சொன்னபோது, இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறோம் என்றார்களாம். மூச்சுவிடாமல் பேசினாள். தொம்மை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். போன் வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சு முடிச்சா அங்கயே எடுத்துக்குவாங்களா, இன்னா குடுப்பாங்கன்னு கேக்கறேன்னீங்களே, கேட்டீங்களா?" என்றாள் அமலோற்பவமேரி.

"அட, மறந்துட்டேன்" என்றார் தொம்மை.

"நானும்தான்" என்று சொல்லிவிட்டு அவள் சோறு போட எழுந்தாள்.