மாரித்தின் இரண்டாவது லார்ஸ்

மயூரா அந்தப் பிழையை விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. பிழையென்று தெரிந்தது பதினாறு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அதற்கிடையில் ஆர்வித் கடிதம் போட்டுவிட்டார்.

ஆர்வித் ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. எல்லிங்ஸ்ருட்டில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. சொந்தமென்று இருப்பது மலைப்பக்கத்துப் பண்ணையொன்றில் வாழும் தூரத்து உறவுகள்தான். அவர்களும் இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் அவரைத் தேடிப் பிடித்திருந்தார்கள். அந்தப் பண்ணையை முன்னொரு காலத்தில் ஆண்ட க்னுத் என்பவரின் வழிவந்தவர்கள் எல்லோரும் 2007 ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை அங்கே கூடுவதாக ஏற்பாடு. ஆர்வித்துக்கும் அழைப்பு வந்திருந்தது. வெறுங்கையோடு போகாமல், தன் பூட்டன் லார்ஸ் அந்த க்னுத்தின் மகன்தான் என்பதற்கு ஒரு பதிவைக் கொண்டுபோக நினைத்தார்.

அதற்காகத்தான் மயூரா வேலை செய்யும் சிறிய அலுவலகத்துக்கு வந்தார். பழைய தேவாலயப் பதிவேடுகளைப் படித்துக் குடும்ப வரலாறு எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று பாதிரியார்கள் கொக்கி கொக்கியாகக் கிறுக்கி வைத்ததைப் படிப்பதற்காக மயூரா இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போயிருந்தாள். தங்கள் பாட்டன்மாரின் எழுத்து புரியாத நோர்வேக்காரர்கள் அதை யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் கொண்டுவந்து காட்டினார்கள்.

ஆர்வித்தின் வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. பூட்டனின் தாய் மாரித். அவளுடைய முதல் புருஷன் பெயரும் லார்ஸ். 1843 இலையுதிர் காலத்தில் ஏரியில் மூழ்கிச் செத்துப்போனான். அடுத்த கோடையில் மாரித் க்னுத்தைக் கட்டினாள். பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில்தான் சிக்கல். பதிவேட்டிலிருந்து கழன்று கிடந்த தாள் அது; பாதியில் தண்ணீர் பட்டு, தேதியும் தகப்பன் பெயரும் அழிந்திருந்தன. மிஞ்சியது தாயின் பெயரும் பிள்ளையின் பெயரும் மட்டும். பிள்ளைக்கு லார்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

செத்தவனின் பெயர். அப்படியென்றால் செத்தவனின் பிள்ளை. மயூராவுக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் அன்று சாப்பிடும்போது, ஒருவன் தன் மூத்த மகனுக்கு மனைவியின் பழைய புருஷன் பெயரை வைப்பானா என்று ஞானரட்ணத்திடம் கேட்டாள்.

"விசரன்கூட வைக்கமாட்டான்," என்றான் அவள் கணவன். "அவன்ர பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சோறும் தீத்தி விடுறதோ?" கொஞ்சம் பொறுத்து, "ஏனப்பா, எனக்கு முந்தி ஆரும் இருந்தவையோ?" என்று கேட்டான்.

தகப்பன் மூழ்கிச் செத்த பிறகு பிறந்த பிள்ளை, க்னுத் வளர்த்தவர் மட்டுமே என்று மயூரா எழுதிக் கொடுத்தாள். ஆர்வித் அதை இரண்டு தரம் வாசித்தார். நன்றி சொல்லிவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்த வியாழக்கிழமை, வேறொருவருக்காக அதே ஊர்ப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பேதர் என்பவன் மனைவி ஆன்னாவை அடக்கம் செய்துவிட்டு மறுமணம் செய்திருந்தான். புது மனைவி பெற்ற மூத்த மகளின் பெயர் ஆன்னா. மயூராவுக்குச் சிரிப்பு வந்தது. நாலு பக்கம் தள்ளி ஒரு விதவை. இரண்டாம் புருஷனுக்குப் பிறந்த மூத்த மகனுக்கு முதல் புருஷனின் பெயர். சிரிப்பு நின்றுவிட்டது.

பக்கத்து மேசை ரான்டியிடம் கேட்டாள். ரான்டி தலை நிமிராமலே சொன்னாள்: மறுமணத்தில் பிறக்கும் மூத்த மகனுக்கோ மகளுக்கோ செத்துப்போன துணையின் பெயரை வைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம், அது செத்தவருக்குச் செய்யும் மரியாதை. "உங்கட பக்கத்தில அப்பிடி இல்லையோ?"

மயூரா 1860ஆம் ஆண்டின் திடப்படுத்தல் பதிவேட்டைத் திறந்தாள். பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தேவாலயத்தில் திடப்படுத்தும்போது பிறந்த தேதியையும் பெற்றோர் பெயரையும் மறுபடி எழுதுவார்கள். லார்ஸ், பிறந்தது 1845 ஏப்ரல் ஒன்பது, தகப்பன் க்னுத். முதல் லார்ஸ் செத்து அப்போது ஒன்றரை வருடம். அந்தச் செவ்வாய்க்கிழமையே இதைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்து வேலை.

கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான். பிரதி எடுத்துக்கொண்டு நேரே எல்லிங்ஸ்ருட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த ஆர்வித்திடம், "பிழை என்னுடையது. நீங்கள் க்னுத்தின் ஆள்தான்," என்றாள். நின்ற நிலையிலேயே முழுவதையும் விளக்கினாள்.

தனக்கு அங்கே உரித்தில்லை, வரமாட்டேன் என்று அவர் எப்போதோ எழுதிவிட்டாராம். பிரதியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தப் பதினாறு நாளும் நான் எப்பிடி இருந்தனான் எண்டு தெரியுமா?"

மயூரா அவர் கையிலிருந்த பிரதியில் க்னுத் என்ற பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அந்தப் பெயரை வைக்க க்னுத் சம்மதிச்சவரா?"

"ஓம். அதுதான் வழக்கம்."

ஆர்வித் உள்ளே போய்ப் பண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். கடிதத்தை மறந்துவிடச் சொன்னார், காரணம் சொன்னார். பிறகு மறுமுனையில் சொன்னதை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார்.

"வரட்டாம். ஆனால் என்ர கட்டிலை வேற ஆருக்கோ குடுத்திட்டினமாம். வைக்கோல் பரணில பெடியளோட படுக்கவேணுமாம்."

முதுகுக்கு ஏலுமா என்று மயூரா கேட்டாள்.

"ஏலாது," என்றவர், பயணப் பையைத் தேடி அலுமாரியைத் திறந்தார்.