வலது ஓரத்தில் ஐந்து ஓட்டைகள்

என் இலக்கு அட்டையில் ஐந்து ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அதற்குத்தான் அந்த மனுஷன் முட்டை போட்டார்.

மனுஷன் என்றால் வக்கீல் செல்லச்சாமி. சீனாச் சண்டை முடிந்து இரண்டாம் வருஷம் தென்காசியில் ஆரம்பித்த ரைபிள் கிளப்புக்குச் செயலாளர். அவர் தோளில் துப்பாக்கியை யாரும் பார்த்ததில்லை. கழுத்தில் மாலையைப் பார்த்திருக்கிறோம்.

எனக்கு இந்தத் துப்பாக்கிக் கிறுக்குப் பிடித்தது பாளையங்கோட்டையில், பி.ஏ. படிக்கும்போது. என்.சி.சி.யில் சேர்ந்தால் சனிக்கிழமை டிபன் கிடைக்கும் என்றுதான் சேர்ந்தேன். முதல் குண்டு போன பிறகு டிபன் மறந்துபோயிற்று. கைநாட்டு வைக்கிற குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதை வைத்துத் தாலுகா ஆபீசில் தற்காலிக நகல் எழுத்தராக உட்கார்ந்தேன். உட்கார்ந்தது உடம்புதான். தலைமைக் குமாஸ்தா ஆறுமுகநயினாரின் வழுக்கையில் ஈ உட்கார்ந்தால் என் மூச்சு தானாக நிற்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்க்கடைப் பலகையில் உள்ள புள்ளிகளை வரிசையாகச் சுட்டு வீழ்த்துவேன். தண்ணீர்க் குடத்தை இடது கையில் நீட்டிப் பிடித்து ஐம்பது எண்ணுவேன்.

“ஏட்டி, சோத்தத் தின்னு. வெளக்க எதுக்கு ஒத்தக் கண்ணால பாக்க?” என்பாள் அம்மா. “இப்படிக் கண்ண அடிச்சிக்கிட்டுத் திரிஞ்சா ஊரு என்ன சொல்லும்?”

“சொல்லட்டும்மா.”

“ஒனக்கென்ன. எனக்குல்லா நாறுது.”

பட்டம் வாங்கியதும் கல்லூரி ரைபிளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எனக்கு மிச்சமிருந்தது ஐந்தருவியில் சுல்தான் பீவி சீசனுக்குப் போடும் பலூன் கடை. பலகை நிறையப் பலூன், ஒரு காற்றுத் துப்பாக்கி. விடியற்காலையில், குளிக்க வருகிற கூட்டம் ஏறுமுன் போவேன். பலூன் எல்லாவற்றையும் நான் ஊதிக் கட்டித் தரவேண்டும். கூலியாக இருபது குண்டு. முதல் நாள் ஒன்றுகூடப் படவில்லை. சுல்தான் பீவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏளா, அது என் மாப்பிள சுத்தியலால தட்டி வச்ச குறி. வலது பக்கம் கோணிக் கெடக்கு. வாற தொரமாரெல்லாம் பலூன ஒடச்சா நான் என்னத்தத் திங்க?”

குழல் நுனியில் உள்ள குறி வலப்புறம் கோணியிருந்தால் குண்டு இடப்புறம் போகும். ஆகவே பலூனுக்கு வலப்பக்கம் இரண்டு விரல் தள்ளிக் குறிவைத்தேன். ஒரு வாரத்தில் இருபதுக்கு இருபது. இரண்டு மாதச் சாரலில் நனைந்துகொண்டே அந்த இரண்டு விரலைக் கைக்குப் பழக்கினேன்.

அப்போதுதான் கிளப்பின் தேர்வு அறிவிப்பு எங்கள் ஆபீசுக்கு வந்தது. ஜில்லாப் போட்டிக்கு நான்கு பேர் எடுக்கிறார்கள். ஆறு நகல் எழுதியது நான். பதினெட்டு வயது நிரம்பிய எவரும் வரலாம். முதல் ஐந்து குண்டு, ஒன்றோடொன்று நெருங்கி விழுகிறதா என்று பார்க்க மட்டும். எங்கே விழுந்தாலும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றவர் அடுத்த பத்துக் குண்டைப் புள்ளிக்குச் சுடலாம். செல்லச்சாமி படிக்காமலே ஆறிலும் கையெழுத்துப் போட்டார். அந்த நான்கில் ஒரு இடம் எனக்கு வேண்டும். அதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் ரோட்டு மலையடிவாரத்தில் நாற்பது ஆண்கள். நான் ஒருத்தி. சேலையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு பாயில் குப்புறப் படுத்தேன். பின்னால் எவனோ இருமினான். எவனோ சிரித்தான். கறுப்பு வட்டத்தைப் பார்த்தேன். கை என்னைக் கேட்காமலே இரண்டு விரல் வலப்புறம் நகர்ந்தது. ஐந்தும் போன பிறகுதான் உறைத்தது: இது கோணல் குறி இல்லை, நேரான குறி.

தப்பு என்னுடையதுதான். ஆனால் ஐந்தும் ஒரே குழியில் இருந்தன.

“வட்டத்தில ஒண்ணுகூட இல்லியேம்மா,” என்று அட்டையை எல்லோருக்கும் காட்டினார் செல்லச்சாமி. “முட்டை! வீட்ல போயி தோசை சுடு.”

நாற்பது பேரும் சிரித்தார்கள். விசில் வைத்திருந்த பழைய ராணுவ ஹவில்தார் துல்கர்னைன் மட்டும் அட்டையைப் பார்த்தார், பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் நின்றார். அவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வந்தது.

“முதல் அஞ்சுக்கு இடம் கணக்கில்ல சார். ரூபாய வச்சுப் பாருங்க. நீங்க கையெழுத்துப் போட்ட விதி,” என்றேன்.

“எனக்கே சட்டம் சொல்லுதியோ? அடுத்த ஆளு வாலே!”

நான் திரும்பிப் போய் அதே பாயில் படுத்துக்கொண்டேன். துப்பாக்கியைத் தொடவில்லை. சும்மா கிடந்தேன்.

பாயில் ஆள் கிடக்கிறவரை சிவப்புக் கொடியை இறக்கக்கூடாது. கொடி இறங்காமல் ஒருத்தனும் அட்டை மாட்டப் போகமுடியாது. மொத்தத் திடலும் நின்றது.

“எந்திரிட்டி!” என்றார் செல்லச்சாமி.

“பத்துக் குண்டு தாங்க, எந்திரிக்கேன்.”

“தூக்குங்கலே இவள!”

ஒருவனும் அசையவில்லை. ஊருக்கு முன்னால் அடுத்த வீட்டுப் பொம்பிளையைத் தொடுவது எப்படி? என்னைப் பார்த்துச் சிரிக்க நாற்பது பேர் இருந்தார்கள். தொட ஒருவன் இல்லை.

“எவளாவது ஒரு பொம்பளையக் கூட்டியாங்கலே!”

“இங்கன ஏது அண்ணாச்சி பொம்பள?” என்றான் ஒருவன். “கிளப்புல லேடீஸ் வேண்டாம்னு நீங்கதான சொன்னிய?”

இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. வெயில் ஏறியது. அரைமணி நேரம் கிடந்தேன். முழங்கையில் கல் குத்தியது. அசைந்தால் எழுந்துவிட்டேன் என்பார்கள் என்று அசையவில்லை.

கடைசியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. துல்கர்னைன் அட்டைமேல் ஒரு ரூபாயை வைத்தார். ஐந்து ஓட்டையும் மறைந்தன.

“பாஸ் சார்,” என்றார் செல்லச்சாமியிடம். “மொதல்லயே சொல்லிருக்கணும். என் தப்பு.” பத்துக் குண்டுகளை என் பாயில் வைத்தார்.

இரண்டு விரலை மறக்க எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. குறியை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தால் கை கூசியது, பொய் சொல்வதுபோல. முதல் குண்டு ஓரத்தில்தான் போயிற்று. பிறகு ஒன்பதும் கறுப்பில்.

எல்லோரும் சுட்டு முடித்தபோது எனக்கு மூன்றாவது இடம். செல்லச்சாமி பட்டியலை எழுதினார். முதல் பெயர் மையில், இரண்டாவது மையில். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பென்சிலை எடுத்து என் பெயரை எழுதினார்.

“எதுக்கு சார் பென்சில்?”

“கமிட்டி பாத்து முடிவு பண்ணும். பொம்பளப் புள்ள. வெளியூர்ப் பயணம்...”

நான் நகல் எழுத்தர். என்னிடம் எப்போதும் பேனா இருக்கும். குனிந்து, அந்தப் பென்சில் எழுத்துகள்மேலேயே, கு-வில் தொடங்கி ழி வரைக்கும், குழல்வாய்மொழி என்று மையில் அழுத்தி எழுதினேன். எழுத்து அடுத்த பக்கம் வரை பதிந்தது.